கருவிப்பலகையின் மறுபுறம்

சிறிய விமானமொன்றின் கருவிப்பலகையை முன்புறமிருந்து பார்த்தவர் பலர். அதன் மறுபுறத்தைக் கண்டவர் மிகச் சிலர். விமானியின் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, தரையில் மல்லாந்து படுத்து, சுக்கான் மிதிகளுக்கிடையே தலையை நுழைத்து, கையிலுள்ள மின்சூளை மேல்நோக்கிப் பிடிக்கும் திருத்துநருக்கு மாத்திரமே அக்காட்சி வாய்க்கின்றது. முன்புறத்திலே வட்ட முகங்களும் வெள்ளை எழுத்துக்களும் ஒழுங்காக அமைந்திருக்கும். மறுபுறத்திலோ, நாற்பது ஐம்பது ஆண்டுகளாகப் பலரும் வந்து பலவற்றைக் கட்டிவிட்டுப் போன கம்பிகள் புதர்போலத் தொங்கும். அவற்றுட் சில எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை விமானத்தின் உரிமையாளரும் அறியார், பதிவேடும் சொல்லாது.

செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானம் 1956 ஆம் ஆண்டிலே விற்பனைக்கு வந்தது. உலகில் வேறெந்த விமானமும் அத்துணை எண்ணிக்கையிற் செய்யப்பட்டதில்லை. இதுவரை வெளிவந்தவை நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை. 1986 இல் நிறுத்தப்பட்ட அதன் உற்பத்தி பத்தாண்டுகளின் பின்னரே மீண்டும் தொடங்கிற்று. ஆகவே இன்று அமெரிக்காவின் சிறு விமான நிலையங்களிற் காணப்படும் இவ்வகை விமானங்களுட் பெருந்தொகையானவை அந்த 1986 க்கு முற்பட்டவை. இரத்மலானையிற் பறக்கப் பயிலும் மாணவர்க்கும் செஸ்னா என்ற பெயர் புதிதன்று. இத்தகைய விமானத்தின் இயந்திரத்துக்கு வயதுக் கணக்கு உண்டு. ஏறத்தாழ 2000 மணித்தியாலம் பறந்தபின் அதனைப் பிரித்துப் புதுக்குமாறு செய்தவர்களே கூறிவிடுகின்றனர். சக்கரத்துக்கும் சுழல்விசிறிக்கும் அவ்வாறான கணக்குகள் உள்ளன. கம்பிக்கு மாத்திரம் எவரும் வயது பார்ப்பதில்லை. அது அறுந்தாலன்றி அதனை நினைப்பாரில்லை.

1975 ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்தகைய விமானமொன்றின் உரிமையாளரை மனங்கொள்க. அவர் செல்வரல்லர். ஆசிரியராகவோ கமக்காரராகவோ இருக்கலாம். வார இறுதியிற் பறப்பதற்காக மற்றச் செலவுகளைச் சுருக்கிக்கொள்பவர். 2020 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம், அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த வான்வெளியிற் பறக்கும் விமானங்கள் தம் இருப்பிடத்தைத் தாமே இடைவிடாது ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி. என்ற கருவியைக் கொண்டிருத்தல் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் பலகையைத் திறந்தவர்கள் அத்துடன் நிற்கவில்லை. பழைய றேடியோவுக்குப் பதில் செய்மதிவழி திசைகாட்டும் புதிய றேடியோ, சுழலிகளால் இயங்கிய முகங்களுக்குப் பதில் கண்ணாடித் திரை என்று ஆசை விரிந்தது. விலைப்பட்டியலை நோக்கும் உரிமையாளரின் கண் திரையிலேயே தங்கிவிடும். ‘கம்பியிடல்’ என்ற ஒற்றை வரியில் வேலைக்கூலி அடங்கியிருக்கும். பேரம் பேசப்படுவதும் பெரும்பாலும் அந்த வரியிலேதான்.

அவர் முன்னுள்ள மலிவான வழி, பழைய கம்பிகளின் நுனியை வெட்டிப் புதிய கருவியுடன் பொருத்திவிடுவது. சில நாட்களில் விமானம் வெளியே வந்துவிடும். இதற்கு நேரெதிரானது, பற்றரியிலிருந்து சிறகு நுனிவரை அனைத்தையும் உருவியெறிந்துவிட்டு வெறும் உலோகக் கூட்டிலிருந்து தொடங்குவது. அதற்கு வாரங்கள் செல்லும். செலவோ சில வேளைகளில் விமானத்தின் விலையையே எட்டிப்பார்க்கும். ஆதலால் மிகப் பலர் இடைவழியொன்றைத் தேர்கின்றனர்: புதிய கருவிக்குப் புதிய கம்பி, மற்றவை இருந்தபடியே இருக்கட்டும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. ஆயின் அகற்றப்பட்ட கருவியின் கம்பி என்னாவது என்ற வினாவுக்கு விடை காணாமலே பல வேளைகளிற் பலகை மூடப்பட்டுவிடுகின்றது. உள்ளே சென்று அதனை முழுநீளத்துக்கும் உருவியெடுப்பதற்குக் கூலி வேண்டும். நுனியிலே ஒரு நாடாவைச் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுவதற்கு ஒரு நிமிடம் போதும். மறு அந்தம் இன்னமும் மின்சாரத்துடன் இணைந்திருக்கின்றதா என்பதை அந்த நாடா காட்டாது.

பழைய கம்பி எத்தகையது என்பதை இங்கு சற்று விரித்துரைத்தல் தகும். 1950 களிலிருந்து 1970 கள் வரை சிறு விமானங்களில் இடப்பட்ட கம்பி, செப்பு இழைகளின்மேல் பி.வி.சி. உறையும் அதன்மேல் மெல்லிய நைலோன் போர்வையும் கொண்டது. 105 பாகை சென்ரிகிரேட் வரையிலேயே அது தாங்குமெனக் கணிக்கப்பட்டது. பி.வி.சி.யை வளையத்தக்கதாக வைத்திருக்கும் சேர்மானங்கள் வெப்பத்தாலும் காலத்தாலும் மெல்ல மெல்ல வெளியேறுகின்றன. உறை விறைத்து, வளைத்தவிடத்தில் வெடிக்கின்றது. அது எரியுமானால் அடர்ந்த புகையையும், கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் ஐதரசன் குளோரைட்டையும் கக்கும். ஒரு சிற்றறை அளவேயுள்ள விமானிக்கூடத்தில் அப்புகைக்கு ஒதுங்க இடமில்லை.

கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, பழஞ்சுவடிகள் கட்டவிழ்க்கும் கையிலேயே சிதைவதைக் குறித்துத் தம் பதிப்புரையில் மனம் நொந்து எழுதினார். பழைய கம்பிக்கட்டை அவிழ்ப்பவர் நிலையும் அதுவே. இருந்தவிடத்தில் அசையாது கிடந்தவரை குறையின்றி நின்ற உறை, பக்கத்துக் கம்பியை உருவுவதற்காக அசைத்த கணத்திலே வெடிக்கின்றது. ஆகவே ‘தொடாமல் விட்டுவிடுதல்’ என்பது சோம்பேறியின் வாதம் மாத்திரமன்று. அதிலே அநுபவத்தின் எச்சரிக்கையும் கலந்துள்ளது. சுவடியைப் போலவே இக்கம்பிக்கட்டிலும் இடைச்செருகல்கள் உண்டு. தொழிற்சாலை வரைந்த மின்சுற்றுப் படம் மூலபாடமெனின், 1983 இல் ஒருவர் சேர்த்த றேடியோவும் 1996 இல் இன்னொருவர் சேர்த்த திசைகாட்டியும் மூலத்திற் காணப்படாத அடிகளாகும். சேர்த்தவர் படம் வரைந்து வைத்திருந்தால் நன்று. பலர் வரையவில்லை.

புதிய கம்பிக்குப் பொருளைத் தேர்வதிலும் ஒரு வரலாறு உண்டு. கப்ரன் எனப்படும் பொன்னிற உறை ஒருகாலத்தில் அற்புதமாகவே கருதப்பட்டது. மிக மெல்லியது, பாரமற்றது, வெப்பத்துக்கு அஞ்சாதது. பாரமே பணமாகிய விமானத்துறை அதனை விரும்பி ஏற்றது. ஆனால் அதன் உறையில் ஒரு கீறல் விழுந்து அவ்விடத்தில் மின்பொறி பறந்தால், உறையே கரியாகி மின்னைக் கடத்தத் தொடங்கும். பொறி அக்கரிப்பாதை வழியே கட்டு முழுவதற்கும் ஊரும். 1980 களில் அமெரிக்கக் கடற்படை தன் புதிய விமானங்களில் அதனைத் தவிர்க்கத் தொடங்கியது. 1999 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டு ஐந்து செக்கன்களில், பிசிறுள்ள திருகாணித் தலையொன்றில் உராய்ந்திருந்த இத்தகைய கம்பியொன்று குறுஞ்சுற்றாகிப் பிரதான இயந்திரங்களுள் இரண்டின் கட்டுப்பாட்டுக் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. மாற்றுக் கணினிகள் பொறுப்பேற்றமையால் எழுவர் செல்லவேண்டிய நிலை ஐவருக்கு நேரவில்லை என்று சொல்லுமளவுக்கு அப்பயணம் பெரிதும் பேசப்படவில்லை. ஆயினும் அதன்பின் விண்ணோடங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டுக் கம்பிகள் ஆராயப்பட்டன. ஒரு திருகாணித் தலைக்கு இருந்த வல்லமை அது.

இன்று சிறு விமானங்களில் இடப்படுவது பெரும்பாலும் ரெவ்செல் என வழங்கும் உறையுடைய கம்பி. 150 பாகை வரை தாங்கும்; பழைய பி.வி.சி. கம்பியிலும் மெல்லியது, மேற்கூறியவாறு பொறி ஊர இடங்கொடுப்பது குறைவு. உள்ளே தகரப்பூச்சிட்ட மெல்லிய செப்பிழைகள் பத்தொன்பது முறுக்கப்பட்டிருக்கும். வீட்டுச் சுவருக்குள் இடப்படும் ஒற்றைத் தடிப்புக் கம்பி விமானத்துக்கு ஆகாது. இயந்திரத்தின் அதிர்வில் அது சில காலத்திலேயே முறிந்துவிடும். ஈயப்பற்று வைப்பதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. ஈயம் இழைகளுக்கிடையே ஊறி அவற்றை ஒரே தண்டாக்கிவிடுகின்றது. ஊறல் முடியும் எல்லையில் அதிர்வு வந்து முறிக்கின்றது. எனவேதான் அளவு பார்த்த கருவியால் நெரித்துப் பொருத்தும் முறை விரும்பப்படுகின்றது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் திருத்துநர்க்கென வெளியிட்ட கைநூல், இரு பொருத்திகளுக்கு இடைப்பட்ட ஒரு கம்பித்துண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒட்டு இருத்தலாகாது என்றும், கட்டை வளைக்கும்போது வளைவின் ஆரை அதிலுள்ள தடித்த கம்பியின் விட்டத்தைப் போலப் பத்து மடங்கேனும் இருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது. வெட்டிப் பொருத்தும் மலிவான வழி மூன்றாம் முறை மேற்கொள்ளப்படும்போது இவ்விதிகளுள் முதலாவது ஏறக்குறையத் தானாகவே மீறப்பட்டுவிடும்.

கம்பியின் தடிப்பைப் பற்றியும் ஒரு கணக்கு. அமெரிக்க அளவீட்டிலே இலக்கம் கூடக் கம்பி மெலியும். 1975 ஆம் ஆண்டு விமானம் 14 வோல்ற்றில் இயங்குவது. செஸ்னா 172 இல் 28 வோல்ற்று பின்னரே வந்தது. பேசும்போது 6 அம்பியர் இழுக்கும் றேடியோவொன்றுக்கு 3 மீற்றர் நீளமான 22 ஆம் இலக்கக் கம்பி இடப்பட்டால், வழியிலேயே ஏறத்தாழ 0.95 வோல்ற்று இழக்கப்படும். தொடர்ந்து இயங்கும் சுமைக்கு 14 வோல்ற்றுத் தொகுதியிலே 0.5 வோல்ற்றுக்கு மேல் இழக்கலாகாது என்பது மேற்படி கைநூலின் வரம்பு. விட்டுவிட்டு இயங்குவதற்கு 1 வோல்ற்று வரை இடமுண்டு. 18 ஆம் இலக்கத்தை இட்டால் இழப்பு 0.4 க்குக் கீழே இறங்கும். விமானம் முழுவதும் தடித்த கம்பியையே இட்டுவிடலாமே என்றால், பாரம் குறுக்கே நிற்கின்றது.

இவ்விடத்திற் சுற்றுடைப்பானைப் பற்றிப் பரவலாகவுள்ள தவறான எண்ணமொன்றைச் சுட்டவேண்டும். வீடுகளில் ‘ட்ரிப்’ ஆகின்ற ஆளியை ஒத்த இச்சிறு பொத்தான்கள் கருவியைக் காப்பதற்கென உள்ளவை எனப் பலர் கருதுகின்றனர். அவை காப்பது கம்பியை. மிகையான மின்னோட்டத்தாற் கம்பி சூடேறி உறை உருகுமுன் சுற்றை அறுப்பதே அவற்றின் பணி. பழைய மெல்லிய கம்பியை வைத்துக்கொண்டு, புதிய கருவி அடிக்கடி பொத்தானை வெளியே தள்ளுகின்றதே என்று பெரிய பொத்தானை மாற்றுபவர், காவலாளியை அகற்றிவிட்டு வீடு அமைதியாயிருக்கின்றது என்று மகிழ்பவரை ஒத்தவர். விட்டுவிட்டுப் பறக்கும் மின்பொறியோ இப்பொத்தானின் கண்ணிற் படுவதேயில்லை; அது இழுக்கும் மின்னோட்டம் சிறிது, ஆனால் அதன் வெப்பம் செம்பையே உருக்கும்.

இதன் விலையை உலகம் 1998 ஆம் ஆண்டு செத்தெம்பர் 2 ஆந் திகதி கண்டது. நியூயோர்க்கிலிருந்து ஜெனீவா சென்ற சுவிஸ்எயார் 111 ஆம் இலக்க விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரைக்கப்பால் கடலில் வீழ்ந்து 229 பேரும் மாண்டனர். விமானிக்கூடத்தின் கூரைக்கு மேலே கம்பியொன்றில் எழுந்த மின்பொறியிலிருந்தே தீ தொடங்கியிருத்தல் வேண்டும் எனக் கனடிய ஆய்வாளர்கள் 2003 இல் முடிவுசெய்தனர். பொறி பறந்த அடையாளங்கள், பயணிகள் படம் பார்ப்பதற்கும் விளையாடுவதற்குமெனப் பின்னாளிற் சேர்க்கப்பட்ட கருவித்தொகுதியின் கம்பிகளிலும் காணப்பட்டன. அத்தொகுதி, பயணிகள் பகுதியின் மின்சாரத்தை நிறுத்தும் ஆளியால் நிறுத்தப்பட முடியாதவாறு இணைக்கப்பட்டிருந்தது. புகை எழுந்தபோது விமானிகள் அவ்வாளியை இயக்கினாலும் அது அணைந்திராது. பெரிய விமானங்களைப் பொறுத்தவரை, கம்பிகளையே தனியான ஒரு தொகுதியாகக் கொண்டு ஆராயவேண்டும் என்ற விதியை அமெரிக்கா 2007 இல் இயற்றிற்று. நூற்றுக்கணக்கானோர் இறந்தபின்னரே கம்பிக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தது. சிறு விமானங்களுக்கு அவ்விதி பொருந்தாது.

அதே 2007 ஆம் ஆண்டு யூலை 10 ஆந் திகதி புளோரிடாவில் நிகழ்ந்தது சிறு விமானத்தின் கதை. இரட்டை இயந்திரச் செஸ்னா 310 ஒன்று டேற்றோனா பீச்சிலிருந்து லேக்லண்டுக்குக் காலையிலே புறப்பட்டது. முதல்நாள் அதனை ஓட்டிய வேறொரு விமானி, காலநிலை றேடார் திடீரெனச் செயலற்றதையும், மின்பொருள் கருகும் நாற்றம் எழுந்ததையும், றேடாரின் பொத்தானை வெளியே இழுத்தவுடன் நாற்றம் நின்றதையும் குறைகளைப் பதியும் ஏட்டில் எழுதி வைத்திருந்தார். அவர் செய்யவேண்டியதைச் செய்தார் என்றே சொல்லவேண்டும். ஆனால் அக்குறை ஆராயப்படாமலே விமானம் மறுநாள் பறக்க விடப்பட்டது. பறந்தவர்களும் குறையை அறிந்தே பறந்தனர். புறப்படுமுன் வழக்கமான ஆயத்தத்தின்போது, வெளியே இழுக்கப்பட்டிருந்த அப்பொத்தான் மீள அமுக்கப்பட்டிருக்கலாம் என்பது விசாரணையாளரின் கருத்து. எந்தக் கம்பி முதல்நாள் கருகியதோ அதனுள் மீண்டும் மின்சாரம் பாய்ந்தது. சில நிமிடங்களிற் புகை. சான்ஃபோட் விமான நிலையத்தில் இறங்க அனுமதி வேண்டினர். றேடியோக்களையும் மின்சாரத்தையும் நிறுத்துவதாகச் சொல்லத் தொடங்கிய இறுதிச் செய்தி இடையிலேயே அறுந்தது. விமானம் குடியிருப்பொன்றின்மேல் வீழ்ந்தது. அதிலிருந்த இருவரும், தரையிலே தத்தம் வீடுகளிலிருந்த மூவரும் உயிரிழந்தனர். அம்மூவருள் இருவர் குழந்தைகள்.

விமானத்தில் ஏறியவர் தமக்கென ஓர் ஆபத்தை ஏற்றுக்கொண்டார் என்றாவது சொல்லலாம். காலையிலே தம் வீட்டிலிருந்தவர் எதனையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கம்பியிடல் என்னும் வரியைச் சுருக்கும் பேரம் உரிமையாளருக்கும் திருத்துநருக்கும் இடையே மாத்திரம் நடப்பதாகத் தோன்றுகின்றது; அதிலே கையொப்பமிடாத மூன்றாந் தரப்பினர், விமானம் செல்லும் பாதையின் கீழெல்லாம் வாழ்கின்றனர்.

இவ்வாறு கூறுவதனால் எப்போதும் அனைத்தையும் பெயர்த்தெறிவதே சரியென்பதன்று. ஏ.டி.எஸ்.-பி. கருவிகளுள் ஒருவகை, சிறகு நுனியிலுள்ள வழிகாட்டு விளக்கைக் கழற்றிவிட்டு அதனிடத்திற் பொருத்தத்தக்கது. விளக்குக்கெனச் சென்ற பழைய கம்பியே அதற்கும் போதும். புதிய கம்பி எதனையும் சிறகினுள் இழுக்க வேண்டியதில்லை. சிறகின் உட்புறம் கூரிய விளிம்புகளைக் கொண்ட அலுமினிய விலாக்களால் ஆனது. பார்வையெட்டாத அவ்விடத்திற் புதிய கம்பியை இழுப்பவர் புதிய உராய்வுகளையும் படைக்கக்கூடும். பழைய இழைவிளக்கு இழுத்ததிலும் குறைந்த மின்னோட்டமே போவதால் கம்பிக்கும் சுமை குறைவு. இங்கே மலிவான வழி நல்ல வழியாகவும் அமைகின்றது. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: சிறகின் அடியிலுள்ள பொருத்தி துருப்பிடித்து விட்டுவிட்டுத் தொடுமாயின் விளக்கு சிமிட்டும், அவ்வளவே, புதிய கருவியோ அவ்வேளைகளில் விமானம் அவ்விடத்தில் இல்லையென்றே உலகுக்கு அறிவிக்கும். ஆகவே பழையதைப் பயன்படுத்துவதற்கும் அதனைச் சோதித்தல் வேண்டும்.

புதிய கருவிகள் தம்முட் பேசிக்கொள்ளும் முறையும் கம்பிகளைக் குறைத்துவிட்டது. முன்னர் ஒவ்வொரு செய்திக்கும் ஒவ்வொரு கம்பி. இன்று மோட்டார் வாகனங்களுக்கென உருவான ‘கான்’ என்ற முறையில், முறுக்கிய இரு கம்பிகளிற் பல கருவிகள் பேசுகின்றன. இரு அந்தங்களிலும் 120 ஓம் தடையொன்று வைத்தால் போதும். புதர் மெலிகின்றது. ஆயின் பழைய முறையில் ஒரு கம்பி அறுந்தால் ஒரு முகமே குருடாகும். இம்முறையில் அவ்விரு கம்பிகள் பழுதாயின் பல முகங்கள் ஒருங்கே குருடாகும். எனவே எஞ்சிய சில கம்பிகள் முன்னையவற்றிலும் மிகுந்த கவனத்தை வேண்டி நிற்கின்றன.

அந்த 1975 ஆம் ஆண்டு விமானத்தின் உரிமையாளர் இறுதியில் எதனைத் தேரக்கூடும்? பணம் முழுவதற்கும் இடங்கொடாதெனின், திரையின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, அகற்றப்படும் ஒவ்வொரு கருவியின் கம்பியும் அதன் வேர்வரை உருவப்படுதல் வேண்டும் என்று வேலைப்பத்திரத்தில் எழுதுவிக்கலாம். புதிதாக இடப்படும் ஒவ்வொன்றும் இரு அந்தங்களிலும் இலக்கமிடப்பட்டு, படத்தில் வரையப்படுதல் வேண்டும் என்றும் சேர்க்கலாம். கூலி கூடும். திருத்துநர் முகஞ்சுளிக்கலாம், நல்ல திருத்துநராயின் அவரே இதனை முதலிற் சொல்லியிருப்பார்.

கருவிகள் மாற்றப்பட்டால் விமானத்தின் பாரமும் அதன் மையமும் மீளக் கணிக்கப்படுதல் வேண்டும் என்பது விதி. அதற்காக, உருவியெடுக்கப்பட்டவையெல்லாம் தராசில் வைக்கப்படுகின்றன: வெடித்த உறைகள், பல்வேறு ஒட்டுக்கள், ஒரு முனையில் நாடா சுற்றிய துண்டுகள், எக்காலத்து றேடியோவுக்கோ சென்ற கவசமிட்ட வடம். பல ஆண்டுகளாக எதற்கும் பயன்படாது விமானம் சுமந்து திரிந்த அவற்றின் நிறையைத் திருத்துநர் பதிவேட்டிலே கழித்து எழுதுகின்றார். பின் இருக்கையைக் கொண்டுவந்து பூட்டுமுன், இன்னொரு முறை தரையிலே மல்லாந்து படுத்து, மின்சூளை மேல்நோக்கிப் பிடிக்கின்றார்.